எல்லாம் அவர் பெயருக்கு

ஒரு மின்னஞ்சலின் அடியில் என் பெயர் முதன்முதலாக வெளிநாட்டுக்குப் போனது மன்னிப்புக் கடிதம் ஒன்றில்தான். அதற்கு முன் இரண்டு வருடங்களாக நான் எழுதிய கடிதங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒன்றிலும் என் பெயர் கிடையாது. எல்லாவற்றின் அடியிலும் எங்கள் மேனேஜரின் பெயர். நான் செய்யாத தவறை ஒப்புக்கொள்ள வேண்டி வந்த அன்றைக்கு மட்டும், "இதுல உன் பேரப் போட்டுக்க" என்றார்.

அதை நான் மறக்கவில்லை. மறக்க வேண்டும் என்று நினைத்ததும் இல்லை.

நான் பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்தெடுத்தார். அப்பாவுக்கு ஃபெக்டரியில் வேலை. உயர்தரப் பரீட்சை எழுதி, பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல் போனதும், ஹட்டனில் ஒரு உறவினர் வீட்டில் தங்கி ஆறு மாதம் கொம்பியூட்டர் வகுப்புக்குப் போனேன். அது முடிந்த கையோடு வேலை கிடைத்தது. இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்து சில மாதங்கள் இருக்கும்.

பழைய துரைமார் பங்களாக்கள் மூன்றைக் குத்தகைக்கு எடுத்து, வெளிநாட்டுக்காரர்களைத் தங்கவைக்கும் தொழில் அது. கூடவே சிறு பொதிகளாகத் தேயிலையும் தபாலில் அனுப்பினோம். முதலாளி ஒரு வயதான அம்மா. கணவர் ஒரு தோட்டத்தை நிர்வகித்த பெரிய துரையாக இருந்து இறந்தவர். அந்த முதலாளியம்மா நுவரெலியாவில் தனியாக இருந்தார். அவர் பேசிய தமிழ், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் துரைமார் பேசும் தமிழ். அதில் 'நீங்க' என்ற சொல்லே இல்லை. மேனேஜரும் அவருக்கு 'நீ'தான், நானும் 'நீ'தான். எனக்கு அது ஒருவகையில் பிடித்திருந்தது.

அலுவலகம் ஹட்டனில், ஒரு இரும்புக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். ஒரு கொம்பியூட்டர், ஒரு தொலைபேசி இணைப்பு. இன்டர்நெட் போட்டால் தொலைபேசி வேலை செய்யாது. மேனேஜருக்கு ஏதாவது அழைப்பு வரவேண்டியிருந்தால் என் கடிதம் பாதியில் நின்றுவிடும்.

மேனேஜருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. அவருடைய தாத்தா ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அதை அவர் சொல்லாத கிழமை கிடையாது. முதல் நாளே என்னிடம் எந்தத் தோட்டம், எந்த டிவிசன், அப்பா என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன்.

"லயத்துப் புள்ளயா?" என்றார். "சரி. டைப் அடிக்கத் தெரியுந்தானே."

எங்களுக்கு அப்போது இருந்தது ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரி. இலவசமாகத் திறந்தது. அவரும் அதே கடவுச்சொல், நானும் அதே கடவுச்சொல். வருகிற கடிதங்களை நான் படித்துத் தமிழில் சொல்வேன். "ரூம் இருக்குன்னு எழுது", "இல்லன்னு எழுது" என்று ஒரு வரி சொல்வார். அந்த ஒரு வரியை நான் ஒரு பக்க ஆங்கிலமாக்கி, நானுஓயா ஸ்டேஷனிலிருந்து எப்படி வருவது, டிசம்பரில் எவ்வளவு குளிரும், எந்த அறை ஜன்னலில் மலை தெரியும் என்றெல்லாம் சேர்த்து, அடியில் அவர் பெயரைப் போட்டு அனுப்புவேன்.

ஒருமுறை கேட்டேன். "சார், அடியில என் பேரையும் சின்னதா போடட்டுங்களா? எழுதுனவங்கன்னு."

"எதுக்கு? வெளிநாட்டுக்காரனுக்கு உன் பேரு தெரிஞ்சு என்ன ஆவப்போவுது?"

அதோடு விட்டுவிட்டேன். வந்து தங்கியவர்கள் போகும்போது, உங்கள் கடிதங்களைப் படித்துத்தான் இங்கே வர முடிவுசெய்தோம் என்று அவருடைய கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். அவர் தலையைச் சாய்த்து ஏற்றுக்கொள்வார். நான் பக்கத்தில் பதிவுக் கொப்பியோடு நிற்பேன். அதுவரைக்கும் எனக்குக் கோபம் வந்ததில்லை. வேலை இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஏப்ரல் சீசனில் நடந்தது அதை மாற்றியது.

நுவரெலியாவில் ஏப்ரலில் ஒரு அறை கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒரு ஜெர்மன் குடும்பம், வயதான தாய், மகன், மருமகள், இரண்டு குழந்தைகள், ஜனவரியிலேயே கேட்டிருந்தார்கள். மேனேஜரிடம் சொன்னேன். "குடுத்துரு" என்றார். உறுதிசெய்து எழுதினேன். கொப்பியில் அவரே பென்சிலால் குறித்துக்கொண்டார். மார்ச் கடைசியில் கொழும்பிலிருந்து பெரிய உத்தியோகத்தில் இருக்கும் ஒருவர் அவருக்கு அழைப்பெடுத்து, அதே நாட்களுக்கு அதே பங்களா வேண்டும் என்றார். இவர் அதையும் கொடுத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜெர்மன்காரர்கள் மழையில் வந்து இறங்கியபோது பங்களாவில் வேறு ஆட்கள் இருந்தார்கள். ஊர் முழுக்க இடமில்லை. அந்தக் கிழவியோடு அவர்கள் வேனிலேயே தலவாக்கலை வரைக்கும் இறங்கி, அங்கே யாரோ ஒருவர் வீட்டில் தங்கியிருக்கிறார்கள். மறுநாள் முதலாளியம்மாவின் வீட்டு வாசலில் போய் நின்று, நான் எழுதிய கடிதத்தை அச்செடுத்த தாளில் நீட்டியிருக்கிறார்கள். அடியில் மேனேஜரின் பெயர்.

முதலாளியம்மா தொலைபேசியில் அவரைக் கேட்டார். நான் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் இல்ல மெடம். அந்தப் புள்ள என்னைக் கேக்காம என் பேரப் போட்டு அனுப்பிருச்சு. தோட்டத்துப் புள்ளதானே, வெளங்கல. நான் பாத்துக்கிறேன்."

நான் கொப்பியைத் திறந்தேன். பென்சில் குறிப்பு இருந்த இடம் அழிக்கப்பட்டுத் தாள் மெலிந்துபோயிருந்தது. அவர் சொல்லித்தான் அனுப்பினேன் என்பதற்கு என்னிடம் எந்தச் சாட்சியும் இல்லை. ஒரே முகவரி, ஒரே பெயர். எந்தக் கடிதத்தை யார் எழுதினார், யார் எழுதச் சொன்னார் என்று அந்தப் பெட்டியைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது.

தொலைபேசியை வைத்துவிட்டு, "ஒரு மன்னிப்பு லெட்டர் எழுது" என்றார். சொல்லச் சொல்ல எழுதினேன். "எங்க கிளார்க் பண்ண பிழை. தோட்டத்துல வளந்த புள்ள, அனுபவம் இல்ல, இங்கிலீஷும் சரியா வெளங்காது. மன்னிச்சுக்கங்க." இதை நான் பிழையில்லாத ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு ஆங்கிலம் தெரியாது என்பதற்குப் பொருத்தமான ஆங்கிலச் சொல்லை யோசித்துத் தேடிப் போட்டேன். முடித்ததும்தான் சொன்னார், "இதுல உன் பேரப் போட்டுக்க" என்று.

போட்டேன். முழுப் பெயரும். அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். அன்றைக்குத்தான் எனக்குள் ஏதோ ஒன்று அசையாமல் உட்கார்ந்துகொண்டது.

வேலையை விட்டிருக்கலாம். அந்த வார இறுதியில் வீட்டுக்குப் போனபோது அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எதுன்னாலும் வேலைய மட்டும் விட்றாத" என்றார். நான் விடுவதாக இல்லை. அம்மா நினைத்த காரணம் வேறு, என் காரணம் வேறு. மேனேஜர் விழுகிற நாளில் நான் அங்கே இருக்க வேண்டும்.

ஆனால் என்ன செய்வது என்று தெரியவில்லை. அவருடைய தேநீரில் உப்புப் போடுவது முதல், அவர் பெயரில் எதையாவது எழுதி அனுப்புவது வரைக்கும் எல்லாம் யோசித்தேன். எல்லாமே அகப்பட்டுக்கொள்கிற காரியங்கள். நான் பொறுமையாக, முன்னைவிட நன்றாக எழுதினேன். அவர் பெயர் வெளிநாடுகளில் இன்னும் பெரிதானது. முதலாளியம்மா ஒருநாள் அலுவலகத்துக்கு வந்து, "உன் லெட்டரெல்லாம் நல்லா இருக்கு" என்று அவரிடமே சொன்னார். அவர் என் முன்னாலேயே "நன்றி மெடம்" என்றார்.

அந்த வருடத்தின் நடுவில் முதலாளியம்மா சொந்தமாக ஒரு இணையத்தளம் போட முடிவுசெய்தார். மெல்போர்னில் இருந்த மகளின் யோசனை அது. அந்த மகளோடு எழுதிக்கொள்வதற்காக அவர் வீட்டிலும் ஒரு கொம்பியூட்டர் வாங்கியிருந்தார்; மேனேஜரின் அறைக்கும் தனியாக ஒன்று வந்தது. இணையத்தளத்தோடு எங்கள் பெயரிலேயே மின்னஞ்சல் முகவரிகளும் கிடைக்கும். கொழும்பு நிறுவனம் ஒரு படிவத்தை ஃபெக்ஸில் அனுப்பியது. என்னென்ன முகவரிகள் வேண்டும், ஒவ்வொன்றும் யாருடைய பெட்டியில் விழ வேண்டும், வேறு எந்தெந்தப் பெயரில் வருவதும் அதே பெட்டிக்குப் போக வேண்டும், நகல் யாருக்கு என்று நான்கு நிரல்கள்.

மேனேஜர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு என் மேசையில் வைத்தார்.

"நெரப்பிக் கொண்டா. ஒண்ணு மட்டும் பாத்துக்க. எல்லாம் எனக்குத்தான் வரணும். ஒரு லெட்டர்கூட நேரா உன் கைக்கு வரக் கூடாது. ஏப்ரல்ல பட்டது போதும்."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் முகத்தில் பொய் சொல்கிற அடையாளமே இல்லை. தானே அதை நம்பத் தொடங்கியிருந்தார்.

படிவத்தில் எனக்கு விளங்காத இடங்களைக் கேட்கக் கொழும்புக்கு அழைப்பெடுத்தேன். பேசியவர் எங்கள் முகவரிகளை அமைத்துக்கொடுக்கப் போகிற தொழில்நுட்பக்காரர். கொழும்புத் தமிழ், நல்ல மனிதர். கேட்டதற்கெல்லாம் அவசரப்படாமல் பதில் சொன்னார்.

"தங்கச்சி, எல்லாத்தையும் ஒரு ஆள்ட பெட்டிக்கு விடாதீங்க. புக்கிங்குக்கு ஒரு பொது முகவரி வைங்க, ரெண்டு பேர் பாக்கிற மாதிரி. ஒருத்தர் இல்லாட்டி மத்தவர் பதில் போடுவாரு. ஆளுக்கொரு தனி முகவரியும் வேணும். பதில் போடுற ஆள்ட பேர் லெட்டர்ல இருக்கணும். அப்பதான் யார் என்ன சொன்னதுன்னு பிரச்சின வராது."

"எங்க மேனேஜர் எல்லாம் அவருக்கே வரணுங்குறாருங்க."

"அது அவருக்குத்தான் கஷ்டம். நீங்க எடுத்துச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றேன். சொல்லவில்லை.

நான் மேசையில் உட்கார்ந்து, மேனேஜர் கேட்டதை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினேன். முதல் வரியில் அவருடைய சொந்தப் பெயரில் ஒரு பெட்டி. கடவுச்சொல் அவருக்கு மட்டும். அதன் கீழே மாற்றுப் பெயர்கள்: முன்பதிவுக்கு ஒன்று, பொது விசாரணைக்கு ஒன்று, மூன்று பங்களாக்களின் பெயரில் மூன்று, குறைகேட்புக்கு ஒன்று. எல்லாம் அவர் பெட்டிக்கே. பழைய இலவச முகவரிக்கு வருவதும் திரும்பி அவருக்கே. எழுத்துப் பிழையோடு வேறு ஏதாவது பெயரில் வருகிற கடிதம் எங்கே போக வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அதற்கும் அவர் பெயர்தான். ஒரு மலையின் அத்தனை ஓடைகளையும் ஒரே தண்ணீர்ப் பீலியில் திருப்பிவிட்டதைப் போல இருந்தது.

தேயிலைப் பொதி கேட்டு எழுதுபவர்களுக்கு மட்டும் என் பெயரில் ஒரு தனி முகவரி எழுதினேன். அந்தக் கடிதங்கள் அவருக்கு எரிச்சல். இருநூறு கிராமா, நானூறா, பொதி உடைந்து வந்தது என்று கேட்டு எழுதுவார்கள். அவரிடம் காட்டியபோது, "சரி, அத நீயே வச்சுக்க" என்றார்.

நகல் நிரல் காலியாக இருந்தது. அதை மட்டும் நான் முதலாளியம்மா வந்திருந்த அன்று, அவர் முன்னால் கேட்டேன்.

"சார், வர்ற லெட்டருக்கெல்லாம் ஒரு நகல் யாருக்காவது போகணுமான்னு கேட்டிருக்காங்க."

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் முதலாளியம்மா, "எனக்கு அனுப்பு" என்றார். "சும்மாதானே இருக்கிறேன். வாசிப்பேன்."

மேனேஜர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். கிழவி எங்கே வாசிக்கப் போகிறார் என்று நினைத்திருப்பார். பிறகு படிவத்தின் அடியில் கையெழுத்துப் போட்டார். மூன்று பக்கத்திலும், அழகான சாய்ந்த கையெழுத்து. அதை ஃபெக்ஸில் அனுப்பிவிட்டு, மூலப் பிரதியை நான் கோப்பில் போட்டு வைத்தேன்.

புது முகவரிகள் வேலைசெய்யத் தொடங்கி மூன்றாம் நாளே அவர் பெட்டியில் நாற்பது கடிதங்கள். ஒரு தாளை அச்செடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"இதுக்கு ஒரு பதில் எழுதிக் குடு புள்ள."

"எழுதுறேன் சார். என் முகவரியிலேருந்து, என் பேர்ல அனுப்பிடுறேன்."

"என் பேர்ல எழுது. நான் என் பெட்டியிலேருந்து அனுப்பிக்கிறேன்."

"இல்லீங்க சார். உங்களைக் கேக்காம உங்க பேரப் போட்டேன்னுதானே ஏப்ரல்ல பேச்சு வந்துச்சு. இனிமே உங்க பேர்ல நான் எழுத மாட்டேன்."

குரலை உயர்த்தவில்லை. இந்த வரியை நான் மூன்று மாதமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தேன். அவர் என்னை முறைத்தார். முதலாளியம்மாவிடம் போய் முறையிட அவரால் முடியாது. முறையிட்டால், இவ்வளவு நாளும் எழுதியது யார் என்ற கேள்வி வரும். தாளை மடித்துக்கொண்டு தன் அறைக்குள் போனார். எனக்குள் எழுந்த சந்தோஷத்தை இப்போதும் என்னால் மறைக்க முடியாது. சோற்றுப் பார்சலைப் பிரித்து, கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டேன்.

அடுத்த ஐந்தாறு வாரங்கள் அவர் தானே எழுதினார். எனக்குச் சத்தம் மட்டும் கேட்கும். ஒரு எழுத்து, பிறகு நீண்ட அமைதி, பிறகு இன்னொரு எழுத்து. என் பழைய கடிதங்களைக் கட்டாக அச்செடுத்து மேசையில் வைத்துக்கொண்டு, வந்த கடிதத்துக்கு எது பொருந்தும் என்று தேடி, அதிலிருந்து வரி வரியாகப் பார்த்து அடித்தார். பாதிக் கடிதங்களுக்குப் பதிலே போகவில்லை. "ரெண்டாவது தரம் எழுதுறேன்", "மூணாவது தரம் எழுதுறேன்" என்று ஆட்கள் எழுதத் தொடங்கினார்கள். ஒவ்வொன்றின் நகலும் நுவரெலியாவுக்கும் போய்க்கொண்டிருந்தது.

என் பெட்டியில் தேயிலைக்காரர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு என் பெயரில் பதில் போட்டேன். ஒரு பெண் என் பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டு எழுதினார். அந்தக் கடிதத்தை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

இனி நான் சொல்லப் போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒவ்வொரு ஜனவரியும் வந்து தங்குகிற ஒரு ஆங்கிலேயத் தம்பதி இருந்தார்கள். எழுபது கடந்தவர்கள். அந்த மனிதர் பங்களா தோட்டத்தில் ஒவ்வொரு ரோஜாவாக நின்று பார்ப்பார். ஒரு காலை நான் பதிவுக் கொப்பியைக் கொடுக்க மேனேஜரின் அறைக்குள் போனேன். திரையில் அந்த மனைவியின் கடிதம் திறந்திருந்தது. நான் வேகமாகப் படிப்பேன். வைத்தியசாலையில் பல பரிசோதனைகள், பிறகு ஆகஸ்டில் கணவர் 'பாஸ்ட்', காலமாகிவிட்டார், என்று எழுதியிருந்தார். இந்த ஜனவரி வரமாட்டேன், அறையை விட்டுவிடுங்கள் என்ற கடைசி வரி திரைக்குக் கீழே இருந்ததை நான் பிறகுதான் அறிந்தேன். அதைப் பார்க்க மேனேஜர் திரையைக் கொஞ்சம் கீழே நகர்த்தியிருக்க வேண்டும். நகர்த்தவில்லை.

"இந்தா புள்ள, 'பாஸ்ட்'னா பாஸ் பண்றதுதானே?"

எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. ஒரு மூச்சு அளவுக்கு இருந்தது.

"டெஸ்டுன்னா அப்படித்தான் சார்" என்று சொல்லிவிட்டுக் கொப்பியை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அவர் என்ன எழுதினார் என்று எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. என்னுடைய பழைய கடிதம் ஒன்றிலிருந்து எடுத்த வரிகள். ஒரு தம்பதி திருமண நாளைக் கொண்டாட வருவதாக எழுதியபோது நான் போட்ட பதில். இந்தச் செய்தி கேட்டு மிகுந்த மகிழ்ச்சி அடைகிறோம், உங்கள் இருவரையும் வரவேற்கக் காத்திருக்கிறோம், வழக்கமான அறையில் பூக்கள் வைத்திருப்போம். அது அந்த விதவையின் கைக்குப் போயிருக்கிறது. அவர் அதையே இணைத்து மூன்று வரிகளில் திருப்பி எழுதினார். நகல் நுவரெலியாவுக்குப் போனது.

முதலாளியம்மா முன்னறிவிப்பு இல்லாமல் வந்தார். மாடிப்படி ஏறி மூச்சு வாங்க நின்றார். கையில் தடித்த ஒரு கட்டுத் தாள். மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

"இது யாரு எழுதுனது?"

மேனேஜர் தாளை வாங்கிப் பார்த்தார். இரண்டு முறை படித்தார். அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும்.

"மெடம், அந்தப் புள்ள..."

"அவளுக்குத் தனியா ஒரு பேரு இருக்குதே" என்றார் முதலாளியம்மா. "அவ லெட்டர் வேற எடத்துலருந்து வருது. இது உன் பெட்டி. உன் பேரு. நீதானே எல்லாம் உனக்குத்தான் வரணும்னு கையெழுத்துப் போட்ட?"

 முதலாளியம்மா என் பக்கம் திரும்பினார்.

"முன்னாடி நல்ல இங்கிலீஷ்ல லெட்டர் போச்சே. அது நீயா?"

"ஆமா மெடம்."

"ஏப்ரல்ல அந்த ஜெர்மன்காரனுக்குப் போனது?"

"எழுதுனது நான் மெடம். எழுதச் சொன்னது சார்."

"அன்னைக்கு ஏன் சொல்லல?"

"என்னை யாரும் கேக்கல மெடம்."

முதலாளியம்மா தலையை மட்டும் ஆட்டினார். அந்த 'பாஸ்ட்' பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன். மேனேஜர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் என்ன பதில் சொன்னேன் என்பது அவருக்கு நினைவு வந்ததை அவர் கண்ணில் கண்டேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால், அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல் லயத்துப் பிள்ளையிடம் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். அவர் தாளை மடித்து மேசையில் வைத்தார்.

அவரை அன்றே யாரும் போகச் சொல்லவில்லை. பங்களாக்களின் சாமான் அறைகளுக்குப் பொறுப்பாக இருக்கச் சொன்னார் முதலாளியம்மா. போர்வை, மெழுகுவர்த்தி, சவர்க்காரம். அவர் இரண்டு கிழமை தாங்கினார். பிறகு ஒரு காலை வந்து, சட்டைப்பைப் பேனாக்களில் ஒன்றை எடுத்து விலகல் கடிதம் எழுதி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் எழுந்து நிற்கவில்லை.

அந்த ஆங்கிலேய அம்மாவுக்கு என் பெயரில், என் முகவரியிலிருந்து எழுதினேன். அவருடைய கணவர் ரோஜாச் செடிகளின் முன்னால் நின்றதைப் பற்றி எழுதினேன். நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அந்த மன்னிப்பு என் பிழைக்கும் சேர்த்துத்தான் என்று அவருக்குத் தெரியாது. அவர் அன்பாகப் பதில் போட்டார். அதைப் படித்தபோது மட்டும் எனக்கு என்மேல் வெறுப்பு வந்தது. அவருக்கு நான் செய்தது பாவம். மேனேஜருக்குச் செய்ததை அப்படி நினைக்கவில்லை.

முகவரிகளைப் புதிதாக அமைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கொழும்புத் தொழில்நுட்பக்காரர் முதலில் சொன்னபடியே செய்தேன். முன்பதிவுக்குப் பொது முகவரி, இரண்டு பேர் பார்ப்போம். ஆளுக்கொரு தனிப் பெட்டி, தனிக் கடவுச்சொல். எந்தப் பதிலானாலும் எழுதியவர் பெயர் அடியில் இருக்கும். கடைசியில் அவர் கேட்டார்.

"பழைய மேனேஜர்ட பெட்டிய என்ன செய்றது? மூடினா, எழுதுறவங்களுக்கே திரும்பிப் போயிரும். அப்ப அவங்களுக்கு ஆள் இல்லன்னு தெரியும். இல்லாட்டி வேற யாருக்காவது திருப்பி விடலாம்."

"எனக்குத் திருப்பி விடுங்க" என்றேன். "வாடிக்கைக்காரங்க அந்த முகவரிக்கு எழுதுவாங்க."

அது உண்மை. உண்மை அதோடு முடியவில்லை. அந்தப் பெயருக்கு வருவதெல்லாம் இனி என் கையில் விழ வேண்டும் என்று விரும்பினேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. கண்டியில் ஒரு பெரிய ஹோட்டல். பழைய மேனேஜர் அங்கே வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார், எங்களோடு இருந்தபோதே, அந்த முகவரியைக் கொடுத்து. அடுத்த வெள்ளிக்கிழமை நேர்முகத்துக்கு வரும்படி அழைத்திருந்தார்கள். வருவதானால் பதில் போடவும் என்றிருந்தது.

அவருடைய வீடு அலுவலகத்திலிருந்து பத்து நிமிட நடை. தொலைபேசி இலக்கம் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. நான் ஒரு நாள் முழுக்க அந்தக் கடிதத்தைத் திறந்து வைத்திருந்தேன். மறுநாள் காலை பதில் எழுதினேன். நீங்கள் குறிப்பிடும் நபர் தற்போது எங்கள் நிறுவனத்தில் பணியாற்றவில்லை என்று. ஒரே வரி. அதில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. அடியில் என் பெயரைப் போட்டு அனுப்பினேன்.

நான்கு வருடங்களுக்குப் பிறகு அவரை ஹட்டன் ஸ்டேஷனில் பார்த்தேன். காலை வேளை. பதுளைப் பக்கம் போகிற ரயில் தாமதம் என்று பெஞ்சுகளில் சனம் நிறைந்திருந்தது. அவரே என்னைக் கண்டு கிட்டே வந்தார். தலை நரைத்திருந்தது. சட்டை வெள்ளைதான், ஆனால் பேனாக்கள் இல்லை. றொசல்லப் பக்கம் ஒரு ஃபெக்டரியில் ஸ்டோர் பார்ப்பதாகச் சொன்னார்.

"நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். அவர் என்னை 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

"இருக்கேன் சார்."

"பங்களாவெல்லாம் நீங்கதான் பாக்குறீங்களாமே. கேள்விப்பட்டேன்." தண்டவாளத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். "நானும் அப்ப கண்டியில ஒரு ஹோட்டலுக்குப் போட்டிருந்தேன். தெரிஞ்ச ஆளு ஒருத்தர், கட்டாயம் கூப்புடுவாங்கன்னு சொன்னாரு. லெட்டர் வரும் வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வரவே இல்ல."

"அப்படிங்களா சார்" என்றேன்.

"நமக்குக் குடுத்து வைக்கல."

ரயில் வருவதாக அறிவித்தார்கள். அவர் என் பையைத் தூக்கித் தர முன்வந்தார். வேண்டாம் என்றேன். அவர் வேறு பெட்டியில் ஏறினார். எனக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. கொட்டகலை தாண்டியதும் வடைக்காரர் வந்தார். இரண்டு வடை வாங்கிச் சூடாகத் தின்றேன். நன்றாக இருந்தது.